உலகம் முழுக்க ஒரே கடிகாரம் போதாதா? 1000 பீட், யுடிசி, நாழிகை

கேள்வி, 2 மார்ச் 2025

இத்தனை டைம்ஸோன் எதுக்குங்க? நெட்ல எல்லாரும் ஒரே இடத்துலதான் இருக்கோம். ஒரு நாளை 1000 துண்டா வெட்டி உலகம் முழுக்க ஒரே நம்பர் காட்டினா "உங்க டைமா எங்க டைமா"ங்குற கேள்வியே வராது. இது ஏன் இன்னும் நடக்கல? யாராவது முயற்சி பண்ணியிருக்காங்களா?

2 மார்ச், இரவு 10:15

பண்ணியிருக்காங்க. 1998 அக்டோபர்ல ஸ்வாட்ச் வாட்ச் கம்பெனி "இன்டர்நெட் டைம்"னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் ஆளு நிக்கோலஸ் நெக்ரோபான்டேவும் அந்த அறிமுகத்துல கூட நின்னாரு. நீங்க சொன்ன அதே கணக்குதான், ஒரு நாளுக்கு 1000 பீட், 000ல ஆரம்பிச்சு 999 வரைக்கும், டைம்ஸோன் கிடையாது, நம்பருக்கு முன்னாடி ஒரு @ போட்டு எழுதணும். 2000ல வந்த ஃபேன்டஸி ஸ்டார் ஆன்லைன் கேம்ல கூட பல நாட்டு ஆளுங்க சேர்ந்து ஆடணும்னு இந்த பீட் நேரத்தைத்தான் காட்டினாங்க.

நான் உங்க கட்சி. எங்க டீம்ல நியூயார்க்ல ஒருத்தங்க, பெர்லின்ல ஒருத்தர், நான் அரை மணி நேரக் கணக்கு ஓடுற ஸோன்காரன். மூணு பேர் ஒரு போன் பேசுறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் கூட்டல் கழித்தல்லயே போயிடுது. அதனால இந்த மாசம் முழுக்க பீட்லயே வாழ்ந்து பார்க்கப் போறேன், போன்ல ஒரு ஆப் போட்டாச்சு, டீம்லயும் சம்மதம் வாங்கியாச்சு. நம்ம தினசரி மீட்டிங் இனிமே @625. இங்கயே அப்பப்ப எழுதுறேன்.

2 மார்ச், இரவு 11:02

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ஒரு பீட்ங்கிறது 86.4 செகண்ட், அதாவது 1 நிமிஷம் 26.4 செகண்ட். 000 எப்போன்னா சுவிட்சர்லாந்துல பீல் ஊர்ல நடுராத்திரி, ஸ்வாட்சோட தலைமை ஆபீஸ் இருக்குற ஊர். யுடிசியைவிட (உலகத்துக்கெல்லாம் அடிப்படையா வெச்சிருக்குற பொது நேரம்) ஒரு மணி முன்னாடி, கோடை நேரம் குளிர்கால நேரம்னு மாறவே மாறாது. எனக்கு 000 வர்றது விடியக்காலை நாலரைக்கு.

4 மார்ச்

ஸ்வாட்ச்தான் முதல்னு கீழ ஒருத்தர் எழுதியிருக்காரு, இல்லைங்க. பிரெஞ்சுப் புரட்சிக்காரங்க 1793லயே சட்டமே போட்டாங்க: ஒரு நாளுக்கு 10 மணி, ஒரு மணிக்கு 100 நிமிஷம், ஒரு நிமிஷத்துக்கு 100 செகண்ட். பெருக்கிப் பாருங்க, 10 x 100, ஒரு நாளுக்கு 1000 நிமிஷம். அப்போ அவங்க நிமிஷமும் 86.4 செகண்ட், ஸ்வாட்சோட பீட்டும் 86.4 செகண்ட்! 205 வருஷம் கழிச்சு அதே நீளம். இதை நேத்து ராத்திரி பேப்பர்ல போட்டுப் பார்த்தப்ப நிஜமாவே ஆச்சரியமா இருந்துச்சு.

அது ஏன் செத்துச்சுங்கறதுதான் இன்னும் சுவாரசியம். 1795 ஏப்ரல் 7 அன்னைக்கு ஒரு சட்டம் வருது, மீட்டர் கிராம் லிட்டர் எல்லாத்தையும் பிறக்க வெச்ச சட்டம் அதுதான், அதே சட்டம்தான் பத்து மணிக் கடிகாரத்தை காலவரையறை இல்லாம நிறுத்தியும் வெச்சுது. ஒரே கையெழுத்துல நீளத்தையும் எடையையும் பத்தாக்கினாங்க, நேரத்தை விட்டுட்டாங்க. நீளத்துலயும் அளவுலயும் ஊருக்கு ஊர் ஒரு முழம், ஒரு படின்னு குழப்பம் இருந்துச்சு, ஜனங்களுக்கே அது தீரணும்னு இருந்துச்சு. நேரத்துல அப்படி ஒரு குழப்பமே இல்ல, 24 மணி 60 நிமிஷம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். கெட்டுப்போகாத ஒண்ணை எதுக்கு சரி பண்ணணும்? இருக்குற கடிகாரத்தையெல்லாம் தூக்கிப் போடணும்னா யார் கேப்பா.

5 மார்ச்

மூணு நாள் அனுபவம். காலையில எழுந்து 083ன்னு பார்த்தா ஒண்ணுமே தோணல. பசியும் வரல, அவசரமும் வரல. "ஏழு மணி"ன்னா அதுல வெளிச்சம் இருக்கு, தண்ணி சத்தம் இருக்கு, 104ல எதுவுமே இல்ல. பழகிடும்னு நெனைக்கிறேன்.

ஆனா ஒரு லாபம் உண்டு, "எத்தனை நேரம் ஆச்சு"ங்குற கணக்கு அட்டகாசம். 412ல ஆரம்பிச்சேன், 497ல முடிச்சேன், 85 பீட். அறுபதைக் கடன் வாங்கிக் கழிக்கிற வேலையே இல்ல.

6 மார்ச்

எக்ஸெல் யூஸ் பண்றவங்க எல்லாருமே இதைத்தான் பண்றீங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு, ரொம்ப சரி. எக்ஸெல்ல ஒரு முழு நாள்னா 1, மத்தியானம் 12ன்னா 0.5, சாயங்காலம் 6ன்னா 0.75. அந்த செல்லை நம்பரா மாத்திப் பாருங்க, உள்ள பின்னம்தான் இருக்கும். வானியல்காரங்களும் நாளை இப்படித்தான் தசமத்துல எண்ணுவாங்க, 2000 ஜனவரி 1 மத்தியானம் அவங்களுக்கு 2451545.0. மெஷினுக்கு தசமம், மனுசனுக்கு 12 மணிக் கடிகாரம், இந்தப் பிரிவு ஏற்கெனவே நடந்து முடிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியல.

7 மார்ச்

நாழிகையை ஏன் யாரும் பேசலன்னு கேட்டவருக்கு நன்றி, ரெண்டு நாளா அதேதான் மண்டைக்குள்ள ஓடுது.

ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிஷம். ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை, ஒண்ணு 24 செகண்ட். ரெண்டரை நாழிகை ஒரு மணி நேரம், ஏழரை நாழிகை ஒரு சாமம். இதை பீட்டோட பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு நாள்ல மூணுல ஒரு பங்கு (அதாவது 8 மணி நேரம்) எத்தனை பீட்? 333.33. ஒரு மணி நேரம்? 41.67. என்னோட அரை மணி? 20.83. எதுவுமே முழுசா வரல! நாழிகையில மூணுல ஒரு பங்கு 20, நாலுல ஒரு பங்கு 15, அஞ்சுல ஒண்ணு 12, ஆறுல ஒண்ணு 10. அரை மணிகூட ஒண்ணேகால்னு வாயில நிக்குது. பத்தாப் பிரிக்கணும்னு அடம் பிடிக்கிறவங்க நாளைப் பங்கு போடுறவங்க இல்ல, எண்ணுறவங்க. ஆனா நாம நாளைப் பங்குதான் போடுறோம், தூக்கத்துக்கு ஒரு பங்கு, வேலைக்கு ஒரு பங்குன்னு.

அப்போ உலகத்துக்கே நாழிகைன்னு கொடி பிடிக்கலாம்னு சந்தோஷமா எழுத உட்கார்ந்தேன், அப்பதான் உறைச்சுது. உதயாதி நாழிகைன்னு சொல்றோமே, உதயத்துல இருந்து எண்ணுறது. எந்த எடத்து உதயத்துல இருந்து எண்ணுறோமோ அந்த எடத்துக்கு மட்டும்தான் அந்த நம்பர். கிழக்கே கொஞ்சம் தள்ளி நிக்கிறவருக்கு வேற நாழிகை. அளவு நல்ல அளவு, ஆனா ஆரம்பப் புள்ளி ஊருக்கு ஊர் வேற. பீட்ல ஆரம்பப் புள்ளி ஒண்ணு, அளவு மோசம்.

அளவு ஒரு கேள்வி, ஆரம்பப் புள்ளி வேற ஒரு கேள்வி. இத்தனை நாள் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பியிருக்கேன்.

7 மார்ச், கொஞ்சம் கழிச்சு

சுவாஹிலி பேசுற இடங்கள்லயும் எத்தியோப்பியாவுலயும் இன்னைக்கும் விடியல்ல இருந்துதான் எண்ணுறாங்க. நமக்கு காலை ஏழுன்னா சுவாஹிலியில சா மோஜா, ஒரு மணி. ஒரு மணி நேரம் விடிஞ்சாச்சுன்னு அர்த்தம். எவ்வளவு நேரடியா இருக்கு பாருங்க.

10 மார்ச், இரவு

கோவமா இருக்கேன், நாளைக்கு எழுதலாம்னு பார்த்தேன், முடியல.

இன்னைக்கு @625 மீட்டிங்ல முக்கியமான ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்துச்சு. நானும் பெர்லின்காரரும் உட்கார்ந்திருக்கோம், நியூயார்க்ல இருந்து ஆள் வரல. 645 ஆச்சு, வரல. போன் பண்ணினா அவங்க வேற மீட்டிங்ல இருக்காங்க. நேத்து ஞாயித்துக்கிழமை அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிட்டாங்க. போன வாரம் வரைக்கும் @625ன்னா அவங்களுக்கு காலை 9, இன்னைக்கு அதே @625 அவங்களுக்கு காலை 10. பத்து மணிக்கு அவங்களுக்கு எப்பவுமே அங்க உள்ளூர் ஆளுங்களோட ஒரு மீட்டிங் உண்டு. இந்த கோடை நேரத்தை ஒழிச்சாத்தான் உருப்படுவோம், உலகத்தையே ரெண்டு வாரம் மூணு வாரம் தடுமாற வெக்கிறாங்க.

11 மார்ச், காலை

தூங்கி எழுந்து யோசிச்சா நேத்து எழுதினதுல பாதி தப்பு.

கோடை நேரம் தொல்லைதான், அதுல மாத்தமில்ல. ஆனா பழையபடி "நியூயார்க் காலை 9"ன்னு காலண்டர்ல போட்டிருந்தா அவங்க சரியா வந்திருப்பாங்க, எனக்கும் பெர்லினுக்கும் காலண்டரே ஒரு மணி முன்னாடி மணி அடிச்சிருக்கும். நம்பரை ஒண்ணாக்கினதால கோடை நேரம் காணாமப் போகல, கண்ணுக்குத் தெரியாமப் போச்சு, அவ்வளவுதான். 625 அசையாம அப்படியே நின்னுச்சு, அசைஞ்சது அவங்க நாள், குழந்தையை ஸ்கூல்ல விடுறது, ஆபீஸ் கதவு தொறக்கிறது, உள்ளூர் மீட்டிங், எல்லாமே சேர்ந்து ஒரு மணி நேரம் நகர்ந்துச்சு. அதை எனக்குச் சொல்ல வேண்டிய ஒரே தகவலை, அதான் டைம்ஸோன், நானே ரெண்டாம் தேதி தூக்கிப் போட்டுட்டேன். அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டாச்சு. மீட்டிங்கை @583க்கு நகர்த்தியாச்சு (துல்லியமா 583.33, அது வேற உறுத்துது).

13 மார்ச்

டைம்ஸோனே ஒரு செயற்கை ஏற்பாடுதானே, ரயில்காரங்க பண்ணினதுதானேன்னு கேக்குறாங்க. ஆமா. அதுக்கு முன்னாடி ஊருக்கு ஊர் சூரிய நேரம். ப்ரிஸ்டல் லண்டனைவிட 10 நிமிஷம் பின்னாடி. 1840ல கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே லண்டன் நேரத்துல ரயிலை ஓட்ட ஆரம்பிச்சதும் ப்ரிஸ்டல்காரங்க ஒரே கடிகாரத்துல ரெண்டு நிமிஷ முள் வெச்சாங்க, ஒண்ணு ரயிலுக்கு, ஒண்ணு ஊருக்கு. அந்தக் கடிகாரம் இன்னைக்கும் ரெண்டு முள்ளோடதான் ஓடுது. 1883 நவம்பர் 18 அமெரிக்கா கனடா ரயில்வே எல்லாம் ஸோனுக்கு மாறினாங்க, அன்னைக்கு சில ஊர்கள்ல மத்தியானம் 12 ரெண்டு தடவை வந்துச்சு. அடுத்த வருஷம் வாஷிங்டன் மாநாடு, 25 நாடு, லண்டன் பக்கத்து கிரீன்விச்சை உலக நேரத்துக்கு ஆரம்பக் கோடா வெக்க 22 ஓட்டு, எதிர்த்து ஒண்ணு, பிரான்சும் பிரேசிலும் ஓட்டுப் போடல.

சான்ஃபோர்ட் ஃப்ளெமிங்னு கனடா ரயில்வே எஞ்சினியர், 1876ல அயர்லாந்துல டைம்டேபிள்ல காலை மாலை மாத்தி அச்சடிச்சதால ரயிலை விட்டுட்டு ராத்திரி பூரா ஸ்டேஷன்ல கிடந்தவரு. அப்புறம் அவர் கேட்டதும் இதே கேள்விதான், பூமி முழுக்க ஒரே 24 மணிக் கடிகாரம் போதாதான்னு. ஆனா அவருகூட உள்ளூர் மணியை அழிக்கச் சொல்லல, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும்னுதான் சொன்னாரு. ரெண்டு முள்ளுன்னு திரும்பத் திரும்ப அதே இடத்துக்கே வர்றோம் பாருங்க.

16 மார்ச்

பீட் வேண்டாம், எல்லாரும் யுடிசியையே வெச்சுக்கலாமேன்னு இன்னொருத்தர். இதையும் சீரியஸா முன்வெச்சவங்க இருக்காங்க, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல ஹாங்கேயும் ஹென்றியும். அவங்க காலண்டர் திட்டத்தோட சேர்த்து உலகம் பூரா யுடிசி.

எனக்கு இதுல இடிக்கிறது மணி இல்ல, தேதி. மணி பழகிடும், மத்தியானத்துக்கு 6:30ன்னா அப்படியே இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஹோனலுலுவுல யுடிசி நடுராத்திரிங்கிறது மதியம் 2 மணி. அங்க ஒருத்தர் திங்கக்கிழமை வேலைக்குப் போயி, வேலை நேரத்துலயே செவ்வாய்க்கிழமை ஆயிடும். "நாளைக்குப் பார்க்கலாம்"னா எப்போ? பீட் கணக்குல டோக்கியோவுக்கு நாள் மாறுறது காலை 8 மணிக்கு, அதுக்கு முன்னாடி எழுந்தவங்க எல்லாம் இன்னும் நேத்துலதான் இருக்காங்க. நாளுக்கும் நாளுக்கும் நடுவுல வெட்டு விழுற இடம் எல்லாரும் தூங்குற இடமா இருக்குறதாலதான் "இன்னைக்கு"ங்குற வார்த்தைக்கே அர்த்தம் இருக்கு.

சீனாவைப் பாருங்க, 1949ல இருந்து நாடு முழுக்க ஒரே பெய்ஜிங் நேரம். மேற்கே ஷின்ஜியாங்ல சூரியன் ரெண்டு மணி நேரம் பின்னாடி இருக்கு, அங்க நிறைய பேர் தங்களுக்குள்ள ரெண்டு மணி பின்தள்ளின உள்ளூர் நேரத்தைத்தான் புழங்குறாங்க. அரசு ஒரே முள் குடுத்தாலும் ஜனங்க ரெண்டாவது முள்ளை மனசுல மாட்டிக்கிறாங்க.

19 மார்ச்

யுடிசியிலயே சேமிச்சாப் போதும்னு எழுதின ப்ரோக்ராமர் நண்பருக்கு: ஆமா, சர்வர்ல எல்லாத்தையும் யுடிசியில சேமிக்கணும், 1970 ஜனவரி 1ல இருந்து எத்தனை செகண்ட்னு ஒரே நம்பர், விஷயம் முடிஞ்சுது. முழுசா ஒத்துக்கிறேன்.

22 மார்ச்

முழுசா ஒத்துக்கிறேன்னு எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

நடந்து முடிஞ்சதுக்கு யுடிசி சரி. பணம் எப்போ போச்சு, மெசேஜ் எப்போ வந்துச்சு, இதுக்கெல்லாம் ஒரு கணம், ஒரு நம்பர். நடக்கப் போறதுக்கு அது தப்பு, ஏன்னா நடுவுல சட்டம் மாறும். 2023 மார்ச்ல லெபனான்ல கோடை நேரத்தை தள்ளிவெக்கிறோம்னு கடைசி நேரத்துல அரசு அறிவிச்சுது, நாட்டுல ஒரு பகுதி ஒத்துக்கல, சில நாள் ஒரே நாட்டுல ரெண்டு நேரம் ஓடி அப்புறம் அரசே பின்வாங்குச்சு. சமோவா 2011ல தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தாவினாங்க, அங்க டிசம்பர் 30ங்குற வெள்ளிக்கிழமையே கிடையாது, வியாழனுக்கு அடுத்து சனி. ஒருத்தர் ஆறு மாசம் முன்னாடி "வர்ற ஜனவரி, காலை 9, சமோவா"ன்னு டாக்டர்கிட்ட நேரம் வாங்கி, அதை சர்வர் யுடிசியா மாத்தி வெச்சிருந்தா, ஒரு நாள் முழுசா தப்பாயிருக்கும். அவர் வாங்கினது ஒரு கணத்தை இல்ல. அந்த ஊர் காலையில ஒன்பது மணியை வாங்கினாரு. அதனால வருங்காலத்துக்கு ஊர் நேரத்தையும் ஸோன் பேரையும் அப்படியே வெச்சுக்கணும், அந்த நாள் கிட்ட வந்தப்புறம் கணக்குப் போடணும்.

எந்த நாடு எப்போ எப்படி மாத்துச்சுன்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, ஆர்தர் டேவிட் ஓல்சன் ஆரம்பிச்சு, பால் எகர்ட் வருஷக்கணக்கா பார்த்துக்கிட்டு வர்றது, நம்ம போன், கம்ப்யூட்டர் எல்லாம் சத்தமில்லாம அதை நம்பித்தான் ஓடுது. அதை இன்னைக்கு முழுக்க படிச்சேன், நடுவுல கமென்ட்ல வரலாறே எழுதி வெச்சிருக்காங்க. மனுசங்க நேரத்தை எத்தனை விதமா முடிவு பண்ணியிருக்காங்கன்னு தெரிஞ்சுக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

24 மார்ச்

யுடிசியே சுத்தமான நம்பர் இல்லன்னு யாரும் சொல்லலையேன்னு நானே சொல்லிடுறேன். அணுக் கடிகாரம் சீரா ஓடுது, பூமி சீரா சுத்தல, அதனால 1972ல இருந்து 27 தடவை ஒரு லீப் செகண்ட் சொருகியிருக்காங்க, கடைசியா 2016 டிசம்பர் 31. அந்த ஒரு செகண்ட்ல சர்வருங்க விழுந்ததெல்லாம் உண்டு. 2022ல அளவியல் மாநாட்டுல 2035க்குள்ள இந்தச் சொருகலை கைவிடலாம்னு தீர்மானம் போட்டாச்சு. எனக்கு இதுல மனசு ரெண்டாத்தான் இருக்கு. மெஷினுக்கு நல்லது. ஆனா கடிகாரம் சூரியனோட போட்ட கடைசி ஒப்பந்தம் அதுதான்.

26 மார்ச்

நிலாவுக்கும் தனி நேரம் வருதாமேன்னு கேட்டிருந்தீங்க, ஆமா, 2024 ஏப்ரல்ல அமெரிக்க அரசு நாசாவுக்குச் சொல்லியிருக்கு. அங்க ஈர்ப்பு கம்மி, பூமிக் கணக்குக்கு ஒரு நாளுக்கு சுமார் 58.7 மைக்ரோசெகண்ட் வேகமா கடிகாரம் ஓடும்.

எனக்குப் பிடிச்சது செவ்வாய். அங்க ஒரு நாள் 24 மணி 39 நிமிஷம் 35 செகண்ட். 2004ல செவ்வாய்ல ரோவர் வண்டியை ஓட்டின டீம் பூமியில இருந்துக்கிட்டே செவ்வாய் நேரத்துல வேலை பார்த்தாங்க, கையில செவ்வாய் நேரம் காட்டுற வாட்ச்கூட கட்டினாங்க. தினமும் 40 நிமிஷம் தள்ளித் தள்ளி வேலை ஆரம்பிக்கும், மூணு வாரம் கழிச்சு ஆபீஸ் போறது கிட்டத்தட்ட நடுராத்திரியில. வீட்டுல மத்தவங்க பூமி நேரத்துல. அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ஆசை: மணி என்னன்னு குழந்தை கேட்டா எதைச் சொன்னாங்க?

31 மார்ச்

ஒரு மாசம் முடிஞ்சுது. நேத்து பெர்லினும் கடிகாரத்தை மாத்தியாச்சு.

கணக்கைப் பாருங்க. மாச ஆரம்பத்துல மீட்டிங் 625, நியூயார்க் காலை 9, பெர்லின் மதியம் 3, எனக்கு ராத்திரி ஏழரை. இன்னைக்கு மீட்டிங் 583, நியூயார்க் காலை 9, பெர்லின் மதியம் 3, எனக்கு ஆறரை. கடிகாரத்தை மாத்தினவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே மாறல, எதையும் தொடாத எனக்கு ஒரு மணி நேரம் மாறியிருக்கு. இது அநியாயம்னு முதல்ல நெனைச்சேன். இப்போ ஆறரை மீட்டிங்கை முடிச்சுட்டு சாப்பிட உட்கார முடியுது, அதனால சத்தம் போடல.

பீட் ஆப்பை எடுத்துட்டேன். வருத்தமாத்தான் இருக்கு, அந்த எண்ணம் நல்ல எண்ணம். "ரெண்டு பேரும் ஒரே கணத்தைத்தான் சொல்றோமா"ங்குற கேள்விக்கு அது பதில். ஆனா நான் ஒரு மாசமா தினமும் கேட்டது அந்தக் கேள்வி இல்ல, "அவங்க இப்போ முழிச்சிருப்பாங்களா"ங்குறது. 583ஐப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கணும்னா அந்த ஊர் என்ன, அங்க எத்தனை மணிக்கு விடியும்னு திரும்பவும் ஒரு அட்டவணை வேணும். அந்த அட்டவணைக்குத்தான் டைம்ஸோன்னு பேரு.

5 ஏப்ரல்

இதை எழுதலாமா வேண்டாமான்னு இருந்துச்சு. என் அக்காவும் நியூயார்க் நேரத்துலதான் இருக்கா. தினமும் எனக்குக் காலை 7 ஆனா அவளுக்குப் போன், பல வருஷப் பழக்கம். மார்ச் பூரா கோடை நேரத்தைப் பத்தி இத்தனை எழுதினேனே, மீட்டிங்கை மாத்தினேனே, அந்தப் போனை மாத்தணும்னு தோணவே இல்ல. அவளுக்கு ராத்திரி எட்டரையா இருந்தது ஒன்பதரை ஆயிடுச்சு, மறுநாள் அஞ்சு மணிக்கு எழுந்து ஷிஃப்டுக்குப் போறவ. நேத்து பேசிக்கிட்டு இருக்கும்போதே குரல் சொக்குது. கேட்டா, "நீ எழுந்ததும் பண்ணுவன்னு தெரியும்டா, அதான் முழிச்சிருந்தேன்"னு சொல்றா. நாலு வாரமா!

அப்புறம் இன்னொண்ணும் சொன்னா. அவ வீட்டுச் சுவர்ல ரெண்டு கடிகாரம் இருக்காம், ஒண்ணு என் நேரம். வருஷத்துல ரெண்டு தடவை வீட்டுல இருக்குறதையெல்லாம் மாத்துவாளாம், அதை மட்டும் தொட மாட்டாளாம்.

நாளையில இருந்து போன் எனக்கு ஆறு மணிக்கு. "அக்கா, அவ ஊர் ராத்திரி எட்டரை"ன்னுதான் காலண்டர்ல போட்டிருக்கேன், என் மணி எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். டீம் மீட்டிங்கும் "நியூயார்க் காலை 9"ன்னு திரும்பப் போட்டாச்சு. அக்டோபர் 26 பெர்லின் மாறும், நியூயார்க் நவம்பர் 2தான் மாறும், நடுவுல அந்த ஒரு வாரம் இடிக்கும், பெர்லின்காரருக்கு மதியம் 2 ஆயிடும். அந்த வாரம் அவருக்குத் தோதா இருக்குமான்னு இன்னைக்கே கேட்டு வெச்சிருக்கேன், இன்னும் பதில் வரல, அங்க இப்போ விடியக்காலை நாலு.